ஆடு, நரி, ஆடு, புல், ஆடு

போன சனிக்கிழமை காலை. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒரு ஒழுங்கை. கீழே போன் பேசவும் போட்டோ கொப்பி எடுக்கவும் ஒரு கொமியூனிகேஷன் கடை, மேலே ஒரு ஹோல். படிக்கட்டு நிறைய அப்பா அம்மாமார் – தண்ணீர்ப் போத்தலும் கையுமாகச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறோம். உள்ளே இருந்து ஒரு சத்தம் வருகிறது.

“ஆடு – நரி – ஆடு – புல் – ஆடு!”

“இன்னொருக்கா!”

“ஆடு – நரி – ஆடு – புல் – ஆடு!”

எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு அம்மா கண்ணை மூடிக்கொண்டு தானும் சேர்ந்து வாயசைக்கிறா. கோயிலில் கூட அவ்வளவு பக்தியோடு நிற்பாவோ தெரியாது.

பிள்ளைகளே, உள்ளே என்ன நடக்கிறதென்று நினைக்கிறீர்கள்? மிருக வைத்தியம் படிப்பிக்கிறார்களா? தெஹிவளை மிருகக்காட்சிச்சாலைக்கு வேலைக்கு ஆள் எடுக்கிறார்களா?

இல்லை. லொஜிக் கிளாஸ்! நாலு, ஐந்து வயதுப் பிள்ளைகளுக்குப் புதிர் விளையாட்டு மூலம் கணக்கு மூளையை வளர்க்கிறார்களாம். வாசலில் போர்ட் போட்டிருக்கிறது. போர்ட்டில் ஒரு பிள்ளையின் தலைக்குள் பல்ப் எரிகிறது. நாட்டில் கரண்ட் வெட்டு வந்த நாளில் கூட அந்த பல்ப் அணையவில்லை.

ஆடு, நரி கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒருவரிடம் ஒரு நரி, ஒரு ஆடு, ஒரு கட்டுப் புல். ஆற்றைக் கடக்க வேண்டும். படகில் அவரோடு ஒன்றைத்தான் ஏற்றலாம். அவர் இல்லாத நேரம் நரியையும் ஆட்டையும் தனியே விட்டால் நரி ஆட்டைத் தின்னும். ஆட்டையும் புல்லையும் விட்டால் ஆடு புல்லைத் தின்னும். எல்லாவற்றையும் எப்படி அக்கரை சேர்ப்பது?

நான் சின்னனாக இருந்தபோது இந்தக் கதையில் நரி இல்லை. வேறொரு மிருகம். உடம்பில் வரி போட்டது. அதன் பெயரை இந்தக் காலத்தில் கொழும்பு பஸ்ஸில் ஒரு சின்னப்பிள்ளை உரத்துச் சொன்னால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். அதனால் இந்த லொஜிக் கிளாஸ் எடுக்கிற சேர் அதை நரியாக்கிவிட்டார். அந்தளவுக்கு அவருக்கு லொஜிக் இருக்கிறது. அதை நான் மறுக்கமாட்டேன்.

என்னைத் தெரியாத புதுப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. நான் புறக்கோட்டையில் ஒரு பீங்கான் கடையில் வேலை செய்கிறவன். பெரிய படிப்பு இல்லை. ஓ லெவலில் கணக்கு எனக்கு ஒத்துவரவேயில்லை. ஆனாலும் கிழமைக்கொரு தரம் உங்களோடு கதைக்க இந்தப் பேப்பரில் ஒரு மூலையை எனக்குத் தந்திருக்கிறார்கள். அம்மா அப்பா தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தால் பார்க்கட்டும். இன்றைக்கு அவர்களுக்கும் கொஞ்சம் இருக்கிறது.

என் மகள் தர்ஷிக்கு ஐந்து வயது. போன வருஷம் வரை எங்கள் வீட்டில் அவளுக்கு ஒரு கிளாஸும் இல்லை. விளையாட்டு மட்டும்தான். சோடா மூடிகளைச் சேர்த்து வைத்திருந்தாள். சிவப்பு, சிவப்பு, பச்சை... அடுத்து என்ன வரவேண்டும்? அதை நான் கேட்பேன். பிறகு அவள் என்னைக் கேட்பாள். நான் வேண்டுமென்றே பிழையாகச் சொன்னால் கன்னத்தில் கைவைத்து “ஐயோ அப்பா!” என்பாள்.

வீட்டுக்கு ஆட்கள் வந்தால் அவள் முதலில் முகம் பார்க்கமாட்டாள். வாசலில் செருப்புப் பார்ப்பாள். எத்தனை செருப்பு? அப்படியென்றால் எத்தனை பேர்? ஒரு நாள், “அப்பா, ஒராளுக்கு ஒரு கால்தான் வந்திருக்கு” என்று ஓடிவந்தாள். போய்ப் பார்த்தால் மற்றச் செருப்பைக் கீழ்வீட்டு நாய் கொண்டுபோய்விட்டது!

இதுதான் கணக்கு, பிள்ளைகளே. ஒன்று இரண்டு மூன்று என்று ஒப்புவிப்பது பிறகு வரலாம். எது எதோடு சேரும், எது சேராது, இது நடந்தால் அடுத்து என்ன நடக்கும் – இதை யோசிக்கிற மூளைக்குத்தான் கூட்டலும் கழித்தலும் வந்து ஒட்டும். புதிர் விளையாட்டின் பலனே அதுதான். விடை கிடைப்பது பலனில்லை. விடையைத் தேடி அங்கே இங்கே முட்டுகிறோமே... அந்த முட்டுதான் பலன்.

ஆனால் எங்கள் ஆட்களுக்கு முட்டப் பிடிக்காதே! எதையும் போட்டோ கொப்பி எடுத்து, விடையோடு பாடமாக்கி, சோதனைக்கு எழுதிவிட்டு மறக்க வேண்டும். அப்போதுதான் படிப்பு.

எங்கள் ஃப்ளட்டில் மேல்மாடியில் ஒரு வீடு. அங்கேயும் ஒரு சின்னப் பெண். கனடாவிலிருந்து மாமி ஒருத்தி மரத்தால் செய்த அருமையான புதிர்ப்பெட்டி ஒன்று அனுப்பியிருக்கிறா. அது இப்போது எங்கே இருக்கிறது? ஷோகேஸில்! பிளாஸ்ரிக் உறை கூடக் கழற்றவில்லை. ஒரு பக்கம் பீங்கான் அன்னம், மறுபக்கம் கலியாண ஃபோட்டோ, நடுவில் புதிர்ப்பெட்டி.

“குடுத்தால் துண்டுகளைத் துலைச்சுப்போடுவாள் அண்ணை” என்றா அந்தத் தாய்.

அந்தச் சின்னப் பெண் வருகிற ஆட்களுக்கெல்லாம் கண்ணாடிக்கு வெளியே நின்று விரலால் காட்டுகிறாள்: “அது என்ரை.” பாவம். அவளுக்கு அது எந்த நாட்டிலிருந்து வந்ததென்று தெரியும். எப்படித் திறப்பதென்று தெரியாது. அவளையும் அதே சேரிடம்தான் அனுப்புகிறார்கள்.

தர்ஷியை நான் ஏன் அனுப்பினேன்? நியாயமான கேள்வி. அடுத்த வருஷம் முதலாம் வகுப்பு. பெரிய ஸ்கூல், இன்டர்வியூ. இன்டர்வியூவில் “புதிர் கேட்பினமாம்” என்று யாரோ எங்கேயோ சொல்லியிருக்கிறார்கள். யார் சொன்னது? தெரியாது. ஆனால் வெள்ளவத்தையில் ஒரு ‘ஆம்’ புறப்பட்டால் அதை எந்த செக்பொயின்றிலும் மறிக்க ஏலாது. என் மனைவி ஒரு கந்தோரில் கிளார்க். அங்கே எல்லோர் பிள்ளைகளும் போகிறார்களாம்.

“இஞ்சருங்கோ, நாளைக்குப் பிள்ளைக்கு இடம் கிடைக்காட்டில் சோடா மூடியோடதான் இருக்கவேணும்” என்றா.

சரி, விளையாட்டுத்தானே படிப்பிக்கிறார்கள், எங்கள் பிள்ளைக்கு அது அல்வா மாதிரி என்று நினைத்து நானே கூட்டிக்கொண்டு போனேன்.

கொஞ்ச நாள் போனது. ஒரு சனிக்கிழமை சேர் என்னைப் படிக்கட்டுக்குக் கூப்பிட்டார். பக்கத்தில் தர்ஷி என் விரலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

“மிஸ்ரர், குறை நினைக்கக்கூடாது. உங்கடை மகள் கொஞ்சம் ஸ்லோ.”

“ஏன் சேர்?”

“கேள்வி கேக்கிறா.”

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். பகிடி விடவில்லை.

“என்ன கேள்வி சேர்?”

“ஆட்டைக் கயித்தில கட்டிப்போட்டால் என்ன எண்டு கேக்கிறா. இவ்வளவு பெரிய ஆட்டை நரி எப்பிடித் தின்னும் எண்டு கேக்கிறா. அந்த ஆள் ஏன் நரி வளக்கிறார் எண்டு கேக்கிறா. இன்டர்வியூவில உப்பிடிக் கேட்டால் ஆர் இடம் குடுப்பினம், சொல்லுங்கோ? விடையும் பிழை. எல்லாப் பிள்ளையளும் ஆடு, நரி, ஆடு, புல், ஆடு எண்டால் இவ மட்டும் ஆடு, புல், ஆடு, நரி, ஆடு எண்டுறா. நான் இவவைப் பேபி பட்ச்சில போடப்போறன்.”

பேபி பட்ச் என்றால் மூன்று வயதுக்காரர். அங்கே படத்துக்கு நிறம் தீட்டுவார்கள்.

வீட்டுக்கு வந்து சோடா மூடிகளை எடுத்தேன். சிவப்பு நரி, வெள்ளை ஆடு, பச்சை புல். நடுவில் பாயின் ஓரம்தான் ஆறு. முதலில் ஆட்டைக் கொண்டுபோய் விட்டேன். பிறகு புல்லைக் கொண்டுபோய், ஆட்டைத் திருப்பிக் கொண்டுவந்து, நரியைக் கொண்டுபோய், கடைசியில் ஆடு. ஒருவரும் ஒருவரையும் தின்னவில்லை! ஆட்டுக்குப் பிறகு நரி போனாலும் சரி, புல் போனாலும் சரி. இரண்டு வழி. என் மகள் இரண்டாவதைச் சொல்லியிருக்கிறாள்.

நீங்களும் செய்து பாருங்கள். மூடி இல்லாவிட்டால் வெண்டிக்காய்த் துண்டு போதும்.

அடுத்த கிழமை இதைச் சேரிடம் சொன்னேன். மனுஷன் கோபிக்கவில்லை. என்னைப் பார்த்து இரக்கமாகச் சிரித்தார்.

“மிஸ்ரர், பேப்பரில ஒரு விடைதான் இருக்கு.”

பேபி பட்ச்சில் மட்டும் இப்போதைக்குப் போடாமல் விட்டார்.

ஆனால் என்னை நித்திரை கொள்ளவிடாதது சேரின் சிரிப்பு இல்லை. தர்ஷிதான். ‘ஸ்லோ’ என்ற சொல்லை அவள் காதால் கேட்டுவிட்டாள். அது என்னவென்று யாரிடமோ கேட்டும் அறிந்துவிட்டாள். அதன் பிறகு சோடா மூடி பக்கம் போகவில்லை. செருப்பு எண்ணவில்லை. “எல்லாருக்கும் இடியப்பம் சமனாய் வை பார்ப்பம்” என்றால் தட்டைத் தள்ளிவிட்டாள்.

“எனக்குத் தெரியாது அப்பா. நான் ஸ்லோ.”

ஐந்து வயதில்! எனக்குக் கணக்கு வராதென்று நான் நம்ப ஆரம்பித்ததே பதின்மூன்று வயதில்தான். அந்த நம்பிக்கையை நான் இன்றைக்கும் விட்டபாடில்லை. இவளுக்கு அது இப்போதே உறைந்துவிட்டால்? ஸ்கூல் இடம் கிடைக்காவிட்டால் வேறு ஸ்கூல் இருக்கிறது. ‘நான் மொக்கு’ என்று உள்ளே குந்திவிட்டால் அதை எந்த ஸ்கூல் எழுப்பும்?

மனைவியிடம் சொன்னேன். “இன்டர்வியூ முடியட்டும்” என்றா. எல்லா வீட்டிலும் இதுதான் பதில். இன்டர்வியூ முடியட்டும், ஸ்கொலர்ஷிப் முடியட்டும், ஓ லெவல் முடியட்டும்... கடைசியில் பிள்ளையே முடிந்துவிடும்.

இனித்தான் பெரியப்பாவும் மாமாவும் வருகிறார்கள். கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

மனைவியின் தங்கைக்குக் கொட்டாஞ்சேனையில் கலியாணம். யாழ்ப்பாணத்திலிருந்து இரண்டு விருந்தாளிகள் வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்தார்கள். ஒருவர் என் தமையன் – தர்ஷிக்குப் பெரியப்பா. மற்றவர் மனைவியின் தம்பி – தர்ஷிக்கு மாமா. இந்த இரண்டு பேருக்கும் கதை பேச்சு இல்லை. என்ன காரணம்? என்னுடைய கலியாணத்தில் மாப்பிள்ளை வீட்டாருக்குப் பாயசம் வரமுன் வாளி வெறுமையாகிவிட்டது. வாளி தூக்கியவர் மாமா. இலையில் காத்திருந்தவர் பெரியப்பா. நாட்டில் இவ்வளவு சண்டை நடக்கிறது, இவர்கள் பாயசத்துக்கு இன்னும் சமாதானமாகவில்லை!

கலியாணத்தன்று மனைவி விடியவே போய்விட்டா. நான், தர்ஷி, பெரியப்பா, மாமா, கூடவே ஒரு பெரிய பலகாரப் பெட்டி – அரியதரமும் பயற்றம் பணியாரமுமாக மாப்பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோவது. பெட்டியைப் பற்றி மனைவி ஒன்று சொல்லிவிட்டுப் போனா.

“அத்தானைப் பெட்டியோட தனிய விட்டிடாதேங்கோ.”

அவ சொன்ன அத்தான் பெரியப்பாதான்; அவருக்குச் சீனி வருத்தம். ஆனால் இனிப்பைக் கண்டால் டொக்டரையும் மறப்பார், எங்களையும் மறப்பார்.

ஒழுங்கை முனைக்கு வந்தால் – தடை. பெரிய றோட்டான காலி வீதியில் ஏதோ வி.ஐ.பி. போகிறாராம். மணல்மூட்டைக்கு அந்தப் பக்கம் நாங்கள் வாடகைக்குப் பிடித்த வான் நிற்கிறது. வான்காரர் இறங்க ஏலாது. எங்கள் பக்கம் ஒரு நீட்டு வரிசை. காவலுக்கு நின்ற இளம் ஆமிக்காரர் எங்கள் ஐசிகளை, அடையாள அட்டைகளைத்தான், வாங்கிப் பார்த்தார். யாழ்ப்பாண விலாசம் இரண்டு.

“எக்கெனா எக்கெனா” என்றார். ஒவ்வொருவராக. வீட்டுக்காரன் நான் கூடப் போய், மேசையில் விளக்கம் சொல்லி, ஒராளை அந்தப் பக்கம் விட்டுவிட்டு வந்து அடுத்தவரைக் கூட்டிப் போகவேண்டும். பெட்டி? அதையும் தனியாகக் கொண்டுவந்து மேசையில் திறந்து காட்டவேண்டும்.

கொழும்பில் எங்கள் ஆட்களின் வாழ்க்கையே இதுதானே. சிங்களம் தெரிந்தவன் எல்லோருக்கும் கூடப் போவான். எங்கள் வீட்டில் அந்தப் படகு நான்.

தர்ஷியை இடுப்பில் தூக்கிக்கொண்டு பெரியப்பாவை முதலில் கொண்டுபோனேன். வானில் ஏற்றினேன். திரும்பி வந்தேன். மாமா பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மணல்மூட்டைப் பக்கத்தில் நிற்கிறான்.

“சரி, நீ வா” என்றேன் மாமாவிடம். “பெட்டியை உதில வை. பிறகு எடுப்பம்.”

என் சட்டைக் கொலரை யாரோ இழுத்தார்கள். தர்ஷி.

“அப்பா... இது ஆடு, நரி.”

“என்ன பிள்ளை?”

“பெரியப்பா ஆடு. மாமா நரி.”

“நரியோ! நல்லாயிருக்கு அத்தான் உங்கடை வளர்ப்பு” என்றான் மாமா.

“பெட்டி புல்லு அப்பா. பெரியப்பாவோட மாமா நிண்டால் சண்டை. பெரியப்பாவோட பெட்டி நிண்டால் தின்னுவார்.”

எவ்வளவு காலத்துக்குப் பிறகு அந்தக் குரலில் அந்தச் சூட்டைக் கேட்கிறேன்! ஆனால் வரிசை நெருக்குகிறது. சேரின் பாட்டு என் காதிலும் ஊறியிருக்கிறதே... ஆடு, நரி, ஆடு, புல். அடுத்தது நரி.

“அப்ப சரி, மாமாவைத்தானே இப்ப கொண்டுபோகவேணும்?” என்றேன்.

“இல்லை! பெட்டியை.”

“மாமாவுக்குச் சிங்களம் தெரியாது பிள்ளை. தனிய எப்பிடி விடுறது?”

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான்தான் பேபி பட்ச் என்பதுபோல.

“மாமாட்டை ஐசி இருக்கு அப்பா. பெட்டிக்கு இல்லை.”

அப்போதுதான் யோசித்தேன். காலி வீதியில், மணல்மூட்டைப் பக்கத்தில், வி.ஐ.பி. போகிற நேரம், சொந்தக்காரர் இல்லாத ஒரு பெட்டி! பஸ்ஸில் ஆறிப்போன சோற்றுப்பார்சலைக் கண்டாலே ஆட்கள் ஜன்னலால் குதிக்கிற காலம் இது. நான் அதை ‘உதில வை’ என்று சொல்லியிருக்கிறேன். றோட்டை மூடி, ஆளைக் கூப்பிட்டு, அரியதரத்தை வெடிக்கவைத்திருப்பார்கள். மாமாவையும் என்னையும் என்ன செய்திருப்பார்கள் என்று நான் எழுதப்போவதில்லை.

பெட்டியைத் தூக்கினேன். மேசையில் திறந்து காட்டினேன். ஆமிக்காரர் மணந்து பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். வானில் பெரியப்பா கையை நீட்டியபடி இருக்கிறார்.

“கொண்டா தம்பி, நான் மடியில வைச்சிருக்கிறன்.”

“பெரியப்பா, நீங்கள் இறங்குங்கோ” என்றாள் தர்ஷி.

“ஏன் குஞ்சு? இப்பத்தானே ஏறினனான்!”

“நீங்கள் திரும்பிப் போகவேணும். அப்பிடித்தான் விளையாட்டு.”

வான்காரரிடம் பெட்டியை ஒப்படைத்தோம். பெரியப்பாவை அவரிடம் ஒப்படைக்கலாமே என்று கேட்காதீர்கள். பெரியப்பா கேட்டால் வான்காரர் இல்லையென்றா சொல்லப்போகிறார்? அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்ற பெரியப்பாவை மறுபடி செக்பொயின்றுக்குள் திருப்பிக் கொண்டுவந்தேன். ஆமிக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு தர்ஷியிடம் சிங்களத்தில் கேட்டார்.

“நங்கி, உன் அப்பாவுக்கு என்ன பேய் பிடித்திருக்கிறது? கொண்டுபோனவரையே கொண்டுவருகிறார்?”

தர்ஷிக்குக் கீழ்வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடிய சிங்களம் இருக்கிறது. பெரியப்பாவைக் காட்டி, “இவர் இனிப்புச் சாப்பிட்டுவிடுவார்” என்றாள். மாமாவைக் காட்டி, “அவரோடு சண்டை பிடிப்பார்” என்றாள். அந்த மனிதர் துவக்கைத் தோளில் சரிசெய்துகொண்டு சிரித்த சிரிப்பு, நான் அந்த இடத்தில் அதுவரை கேட்காத சத்தம்.

பெரியப்பாவை விட்டுவிட்டு மாமாவைக் கொண்டுபோனேன். கடைசியாகப் பெரியப்பாவை இரண்டாம் தரம் கொண்டுபோனேன். அவர் முன் சீற்றில், மாமா பின் சீற்றில், பெட்டி என் மடியில். கொட்டாஞ்சேனை வரை தர்ஷி வாய் ஓயவில்லை. எதிரே போன பஸ்ஸின் ஜன்னல்களை எண்ணிக்கொண்டே வந்தாள்!

பிறகு நடந்ததுதான் என்னால் தாங்கமுடியாதது.

அடுத்த சனிக்கிழமை நான் பெருமை தாங்காமல் சேரிடம் இதை முழுக்கச் சொன்னேன். என் மகள் ஸ்லோ இல்லை, பாருங்கள் என்று. சேர் கண் விரியக் கேட்டார். தோளில் தட்டினார்.

“வெரி குட் மிஸ்ரர்! லோக்கல் எக்ஸாம்பிள். இதை நான் யூஸ் பண்ணுறன்.”

என் மகளைப் பற்றி ஒரு சொல் இல்லை. லோக்கல் எக்ஸாம்பிள்!

இப்போது படிக்கட்டுக்கு வருவோம். போன சனிக்கிழமை. ஆடு நரிப் பாட்டு முடிந்தது. சேர் தொண்டையைச் செருமினார். புதுப்பாட்டு.

“பெரியப்பா – மாமா – பெரியப்பா – பெட்டி – பெரியப்பா!”

“இன்னொருக்கா!”

நான் படியில் இருந்துவிட்டேன். பக்கத்து அம்மா கண்ணை மூடி வாயசைக்கத் தொடங்கிவிட்டா... “பெரியப்பா, மாமா, பெரியப்பா...” ஆருடைய பெரியப்பா அம்மா அது? என்னுடைய தமையன்! பாயசத்துக்குக் கோபித்த மனுஷன்! அவருக்குத் தெரியுமா, வெள்ளவத்தைப் பிள்ளைகளெல்லாம் தன்னை ஆடு மாதிரி ஏற்றி இறக்குவது?

கிளாஸ் விட்டது. பிள்ளைகள் ஆளுக்கொரு போட்டோ கொப்பியோடு இறங்குகிறார்கள். செக்பொயின்ற் படம், வான் படம், மீசை வைத்த பெரியப்பா. எல்லார் தாளிலும் சரி. மேல்வீட்டுப் பெண்ணின் தாளில் சரி போட்டு ஒரு நட்சத்திரமும் ஒட்டியிருக்கிறது.

கடைசியாகத் தர்ஷி. தாளைப் பார்த்தேன். பெரியப்பா, பெட்டி, பெரியப்பா, மாமா, பெரியப்பா என்று படங்களை ஒழுங்காகக் கோடு போட்டு இணைத்திருக்கிறாள். குறுக்கே, கடதாசி கிழியுமளவுக்கு, ஒரு சிவப்புப் பிழை.

அவளுடைய புதிர். அவள் கண்டுபிடித்த விடை. அதற்குப் பிழை!

எனக்கு மேலே ஏறிப்போய்ச் சேரின் போர்ட்டில் எரிகிற பல்பைப் பிடுங்கிக்கொண்டு வரவேண்டும் போல இருந்தது. ஆனால் அதைவிடப் பயம்தான் பெரிதாக இருந்தது. இப்போது இவள் வாயைத் திறந்து ‘நான் ஸ்லோ’ என்று சொல்லப்போகிறாள். சொன்னால் முடிந்தது. இனி எந்தச் செருப்பையும் எண்ணமாட்டாள்.

தர்ஷி தாளை என்னிடமிருந்து திருப்பி வாங்கினாள். படியில் என் பக்கத்தில் இருந்தாள். சிவப்புக் கோட்டை விட்டுவிட்டுப் படங்களை மட்டும் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டாள். மாமாவை வானுக்குக் கொண்டுபோனாள். திரும்பிப் பார்த்தாள். மணல்மூட்டைப் பக்கத்தில் பெட்டி தனியே கிடந்தது.

“அப்பா” என்றாள், மிகவும் கவலையாக. “சேர் கொழும்பில இருக்கிறவர் இல்லையோ?”